நட்ட கணக்கு இருக்கிறது, நின்ற கணக்கு எங்கே?

தெம்பனிஸ், செம்பவாங், கிராஞ்சி, கம்போங் கிளாம், சாங்கி. இந்த ஐந்து பெயர்களையும் நாம் நாள்தோறும் சொல்கிறோம். பேருந்து நெற்றியில் படிக்கிறோம், வாட்ஸ்அப்பில் சந்திக்கும் இடமாகத் தட்டி அனுப்புகிறோம். ஐந்தும் மரங்களின் பெயரிலிருந்து வந்தவை என்பர். இவற்றில் எத்தனை மரங்களை வழியில் பார்த்தால் நம்மால் அடையாளம் காட்ட முடியும்? என் வகுப்பு நண்பர்களிடம் இதைக் கேட்டுப் பார்த்தேன். எல்லாரும் உயிரியல் படிப்பவர்கள். ஒருவர் மட்டும் கெலாம் மரத்தின் உரியும் வெள்ளைப் பட்டையைச் சொன்னார். மற்றவர்கள் சிரித்து மழுப்பினார்கள்.

மரம் நடுவது இன்று எல்லாருக்கும் பிடித்த வேலை. பள்ளி நடுகிறது, நிறுவனம் நடுகிறது, அடித்தள அமைப்பு நடுகிறது. அதை நான் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் மரம் நடுவதும் ஒரு மர இனத்தைக் காப்பாற்றுவதும் ஒன்றல்ல. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதையும் செய்துவிட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இதை விளக்க, ஐந்து பெயர்களில் கடைசியாகச் சொன்ன சாங்கியை எடுத்துக்கொள்கிறேன்.

சாங்கி என்ற பெயருக்குப் பல விளக்கங்கள் உண்டு. அதிகம் சொல்லப்படுவது, அந்தக் கரையோரத்தில் ஒரு காலத்தில் வளர்ந்திருந்த செங்கால் மரங்களிலிருந்து அது வந்தது என்பது. ‘செங்கால்’ என்று விரிவுரையில் முதன்முதலில் கேட்டபோது, தமிழ் வகுப்பில் படித்த நாரைதான் என் மனத்தில் பறந்து வந்தது. இது வேறு செங்கால், மலாய்ச் சொல். அதிலும் நான் சொல்ல வருவது செங்கால் பாசிர் எனப்படும் மரம். தாவரவியலார் அதை ஹோப்பியா சங்கால் என்பார்கள். செங்கால் மாத்தா கூச்சிங் என்றும் ஒரு பெயர் உண்டு. மாத்தா கூச்சிங் என்றால் பூனைக்கண். இந்த வகை மரங்களிலிருந்து வடிந்து இறுகும் பிசின் அப்படி மினுங்குவதால் வந்த பெயர். நம் வீடுகளில் புகை போடும் குங்கிலியமும் இதே குடும்பத்தைச் சேர்ந்த மரங்களின் பிசின்தான். மரத்தை நமக்குத் தெரியாவிட்டாலும் அதன் உறவினரின் வாசனை தெரியும்.

இந்த மரம் சிங்கப்பூரில் அற்றுப்போய்விட்டது என்றே நீண்டகாலம் கருதப்பட்டது. பிறகு 2002ஆம் ஆண்டு, சாங்கியின் ஹால்டன் சாலையில் நின்ற ஒரு மரம் செங்கால் பாசிர் என்று அடையாளம் காணப்பட்டது. சுமார் 150 வயது இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் அது வெட்டிச் சாய்க்கப்பட்டது. வெட்டியது ஒரு சொத்து நிர்வாக நிறுவனம். அனுமதி பெறவில்லை.

அந்த இடம் மரப் பாதுகாப்பு வட்டாரம். அங்கே தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளந்து, ஒரு மீட்டருக்கு மேல் சுற்றளவு உள்ள எந்த மரத்தையும் அனுமதியின்றி வெட்டக்கூடாது என்பது சட்டம். வழக்கு நடந்தது. நிறுவனத்துக்கு 8,000 வெள்ளி அபராதம். மரத்துக்கு இழப்பீடாக 76,000 வெள்ளிக்கும் சற்று அதிகமான தொகை. சாய்ந்த கட்டை சிற்பிகளின் கைக்குப் போய்ச் சிற்பங்களாயிற்று. 2005இல் வந்த பூங்காக்கள், மரங்கள் சட்டம் இத்தகைய குற்றத்துக்கான உச்ச அபராதத்தை 50,000 வெள்ளி ஆக்கியது.

சாங்கிக்கு இது முதல் இழப்பும் அல்ல. ‘சாங்கி மரம்’ என்றே வரைபடங்களில் குறிக்கப்பட்ட ஒரு பெருமரம் அங்கே இருந்தது. கடலிலிருந்து பார்த்தாலே தெரியும் உயரம். 1942 பிப்ரவரியில், ஜப்பானியப் பீரங்கிகள் அதைக் குறியாகப் பயன்படுத்திவிடக் கூடாது என்று பிரிட்டிஷ் படையே அதை வெட்டியது. அது எந்த இனம் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. அவ்வளவு பெரிய மரம், அவ்வளவு பேர் பார்த்த மரம், இருந்தும் அது இன்னது என்று முடிவாகச் சொல்ல முடியவில்லை.

ஹால்டன் சாலை மரத்தைப் பற்றி முதலில் படித்தபோது எனக்கும் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தால், நிறுவனத்தைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடுவது நமக்கு வசதியாக இருக்கிறது என்று தோன்றியது. அந்த ஒற்றை மரம் இன்றும் நின்றிருந்தால் செங்கால் பாசிர் சிங்கப்பூரில் பிழைத்துவிட்டது என்று சொல்லியிருக்க முடியுமா? முடியாது. ஏன் என்பதற்குக் கொஞ்சம் உயிரியல் வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், தேர்வுக்கு வராது.

செங்கால் பாசிர் டிப்டெரோகார்ப் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த கிரேக்கப் பெயருக்கு ‘இரு சிறகுக் காய்’ என்று பொருள். தென்கிழக்காசியத் தாழ்நிலக் காடுகளின் தூண்கள் இந்தக் குடும்பத்து மரங்கள்தான். மெரந்தி, கெருயிங், கப்பூர் என்று மரக்கடையில் கேட்கும் பெயர்கள் எல்லாம் இவர்கள் வீட்டுப் பிள்ளைகள். காயின் தலையில் இறக்கை முளைத்திருக்கும். செங்கால் பாசிருக்கு நீளமான இறக்கை இரண்டு. மரத்திலிருந்து கழன்றதும் காற்றாடிபோலச் சுழன்று இறங்கும். பார்க்க அழகு. ஆனால் பலத்த காற்று இல்லாவிட்டால் தாய்மரத்திலிருந்து சில பத்து மீட்டர் தூரத்துக்குள்ளேயே பெரும்பாலும் விழுந்துவிடும். காட்டில் அது போதும். ஹால்டன் சாலையில் சில பத்து மீட்டர் தூரத்தில் இருப்பது தார், வடிகால், வாரந்தோறும் வெட்டப்படும் புல்.

இன்னொரு குணம் இன்னும் சிக்கலானது. இந்தக் குடும்பத்து மரங்களில் பல ஆண்டுதோறும் பூப்பதில்லை. இரண்டு ஆண்டு, ஐந்து ஆண்டு, சில சமயம் பத்து ஆண்டுகூடச் சும்மா நிற்கும். பிறகு ஒரு வறட்சிக்குப் பின்போ இரவு வெப்பநிலை சற்று இறங்கியபின்போ, காட்டில் பல இனங்களும் பேசிவைத்துக்கொண்டதுபோல ஒன்றாகப் பூக்கும். ஒரே நேரத்தில் அவ்வளவு விதை விழுந்தால் காட்டுப்பன்றியும் அணிலும் வண்டும் தின்று தீர்க்க முடியாது, மிச்சம் முளைக்கும். கூட்டமாகப் பூத்தால்தான் இந்தத் தந்திரம் பலிக்கும். தனிமரம் பூத்தால் அது விருந்து மட்டுமே.

பூவுக்கு மகரந்தம் கொண்டுவருவது யார் என்பதும் சுவையான கதை. ஐம்பது மீட்டர் உயர மெரந்தி மரங்களுக்கு அந்த வேலையைச் செய்பவை இலைப்பேன்கள், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பூச்சிகள் என்று நெகிரி செம்பிலான் மாநிலத்தின் பாசோ காட்டில் ஆய்வு செய்த எஸ். அப்பனா, எச்.டி. சான் ஆகிய மலேசிய ஆய்வாளர்கள் 1981இல் எழுதினார்கள். பூ இல்லாத ஆண்டுகளில் அந்தப் பூச்சிகள் சிறு எண்ணிக்கையில் காட்டிலேயே தங்கியிருந்து, மொட்டு வந்ததும் மளமளவென்று பெருகும். காடு இல்லாத இடத்தில் அவை எங்கே தங்கும்? அப்படியே வந்தாலும், அக்கம்பக்கத்தில் வேறு மரம் இல்லையென்றால் எதிலிருந்து மகரந்தம் எடுத்துவரும்? தன் மகரந்தத்தாலேயே காய்த்தால் பிள்ளைகள் நலிந்தவையாக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

சரி, விதையையாவது சேமித்து வைக்கலாம் அல்லவா? நம் பூமலையில் 2019இல் விதை வங்கி திறந்தார்கள். நல்ல முயற்சி. விதைகளை உலர்த்தி உறைகுளிரில் வைத்தால் பல இனங்களின் விதைகள் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். டிப்டெரோகார்ப் விதை மட்டும் இதற்கு ஒத்துவராது. அது விழும்போதே ஈரமும் உயிர்த்துடிப்புமாக விழுகிறது. சில நாட்களில் முளைக்கத் தொடங்கிவிடும். உலர்த்தினால் செத்துவிடும். ஆகவே செங்கால் பாசிரை உறைபெட்டியில் வைத்துக் காப்பாற்ற முடியாது. உயிருள்ள மரமாக, ஒன்றுக்கொன்று எட்டும் தூரத்தில், பல தாய்களின் பிள்ளைகளாகத்தான் வைத்திருக்க வேண்டும்.

‘பல தாய்களின் பிள்ளைகள்’ என்பதில்தான் நம் நடவு விழாக்கள் வழுக்குகின்றன. ஒரே தாய்மரத்தின் அடியில் ஐந்நூறு விதை பொறுக்கி, ஐந்நூறு கன்று வளர்த்து, ஐந்நூறும் நட்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். செய்தியில் ஐந்நூறு மரம். உண்மையில் அது ஒரே தாயின் பிள்ளைகள் ஐந்நூறு பேர் மட்டும் வாழும் ஊர். அடுத்த தலைமுறைக்கு அந்த ஊர் என்ன செய்யும்?

கடந்த ஆண்டு ஒரு நடவு நிகழ்ச்சியில் தொண்டூழியராக இருந்தேன். உயர்நிலை இரண்டில் படிக்கும் மாணவர்கள் வந்திருந்தார்கள். குழி முன்கூட்டியே வெட்டப்பட்டிருந்தது, கன்று வரிசையில் நின்றது, மண்வெட்டி பளபளத்தது. நட்டு, தண்ணீர் ஊற்றி, படம் எடுக்க இருபது நிமிடம். ஒரு பையன் மட்டும் குந்தி உட்கார்ந்து இலையைத் தடவியபடி, “அக்கா, இது என்ன மரம்?” என்று கேட்டான். கன்றின் கழுத்தில் இருந்த பட்டையில் ஓர் எண்தான் இருந்தது. பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். அவர் இன்னொருவரைக் கேட்டார். அதற்குள் பேருந்து வந்துவிட்டது. அவனுடைய தொண்டு நேரப் பதிவில் ‘மரம் நட்டேன்’ என்று இருக்கும். மரத்தின் பெயர் இருக்காது.

இப்படிச் சொல்வதால் நாட்டின் முயற்சிகளை நான் மட்டம் தட்டுவதாக நினைக்கவேண்டாம். 2020இல் தொடங்கிய ‘பத்து லட்சம் மரங்கள்’ இயக்கம் 2030க்குள் அத்தனை மரங்களை நட முனைகிறது. வெயிலில் வீவக வளாகத்தைக் கடப்பவருக்கு எந்த மரத்தின் நிழலும் நிழல்தான். இயற்கை வனப்பகுதிகளை ஒட்டிய பூங்காக்களில் உள்நாட்டு இனங்களையே தேர்ந்து நடும் காடு மீட்புத் திட்டம் வேறு இருக்கிறது. அருகிவிட்ட செடிகளையும் விலங்குகளையும் இனம் இனமாக மீட்கும் திட்டமும் தேசியப் பூங்காக் கழகத்திடம் இருக்கிறது. நிபுணர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். நமக்குத்தான் தெரியவில்லை. நமக்குப் போய்ச் சேருவது எண் மட்டும்.

எண்ணின் குறை என்ன? அது நட்ட அன்றோடு முடிந்துவிடுகிறது. காட்டு மரத்தின் கன்றுக்கு முதல் சில ஆண்டுகள்தான் ஆபத்து. வறண்ட பிப்ரவரி, மேலே படரும் கொடி, புல்வெட்டி இயந்திரம், மண்ணில் துணைப்பூசணம் இல்லாமை. இந்தக் கடைசி விஷயம் எனக்குப் புதிது. டிப்டெரோகார்ப் வேர்களைச் சுற்றிச் சில வகைப் பூசணங்கள் உறைபோலப் படர்ந்து, மண்ணிலிருந்து சத்தையும் நீரையும் இழுத்துக் கொடுக்கின்றன. மரம் பதிலுக்குச் சர்க்கரை தருகிறது. நாற்றங்காலில் காட்டு மண் கொஞ்சம் கலப்பது இதற்காகத்தான். புதிதாகக் கொட்டிய மண்ணில் நட்ட கன்று நோஞ்சானாக நிற்பதன் காரணம் நம் தண்ணீர்க் குவளையில் இல்லாமல் போகலாம். இதையெல்லாம் தாண்டி அது பூக்கும் வயதை எட்ட, பல இனங்களில், இருபது முப்பது ஆண்டுகள் ஆகும். இன்று நட்டால் எனக்கு ஐம்பது வயதாகும்போது முதல் பூ. வேறு எந்தத் தொண்டு நேரத்துக்கும் இவ்வளவு நீளமான காத்திருப்பு கிடையாது.

ஆகவே என் கோரிக்கை எளிது. மரம் நடும் பள்ளிகளும் அமைப்புகளும் ‘எத்தனை நட்டோம்’ என்பதோடு மூன்று தகவல்களைச் சேர்த்து வெளியிடட்டும். எந்த இனம், எத்தனை தாய்மரங்களிலிருந்து வந்த கன்றுகள், ஐந்து ஆண்டு கழித்து எத்தனை நிற்கின்றன. தொண்டு நேரத்தில் பாதியை நடுவதற்கும் பாதியை மறு ஆண்டு வந்து களை எடுப்பதற்கும் அளப்பதற்கும் கொடுக்கட்டும். உயர்நிலை இரண்டில் நட்ட கன்றை உயர்நிலை நான்கில் வந்து அளக்கும் மாணவன் ஒரு மரத்தின் வளர்ச்சி என்றால் என்ன என்பதைப் பாடநூல் வரைபடத்தைவிட நன்றாக அறிந்திருப்பான். இதற்குப் பெரிய செலவில்லை. படத்துக்கு அழகில்லை என்பதுதான் இடைஞ்சல்.

சிலர் வேறு கேள்வி கேட்பார்கள். செங்கால் பாசிர் மலேசியாவிலும் இந்தோனீசியாவிலும் தாய்லாந்திலும் இருக்கிறதே, இந்தச் சின்னத் தீவில் அதற்கு ஏன் இவ்வளவு பாடு? நியாயமான கேள்விதான். அனைத்துலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1998இல் இந்த இனத்தை அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலில் வைத்தது. பின்னர் மறுமதிப்பீட்டில் அந்த நிலை தளர்த்தப்பட்டது. உலக அளவில் கொஞ்சம் மூச்சு இருக்கிறது. சிங்கப்பூர் அளவில் இல்லை. ஆனால் ஒவ்வோர் ஊரும் ‘பக்கத்து ஊரில் இருக்கிறதே’ என்று சொல்லிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம்.

பேராக் மாநிலத்தில் பீக்காம் என்று ஒரு வனக்காப்பகம். கெருயிங் பாயா என்ற சதுப்புநில மரம் தீபகற்ப மலேசியாவில் வளர்ந்த கடைசி இடங்களில் ஒன்று அது. அந்த மரம் ஆபத்தில் இருக்கிறது என்பது தாவரவியலாருக்கு முன்பே தெரியும். அந்தக் காட்டின் காப்பகத் தகுதி நீக்கப்பட்டு, நிலம் செம்பனைத் தோட்டத்துக்காக அழிக்கப்பட்ட செய்தி 2013இல் வெளிவந்தது. செய்தியைப் படித்த பிறகுதான் பலருக்கு அப்படி ஒரு மரம் இருந்ததே தெரிந்தது. போர்னியோவிலும் சுமத்ராவிலும் கெருயிங் பாயா உண்டு, அதை மறுக்கவில்லை. அங்கேயும் சதுப்புநிலங்களைச் செம்பனைதான் சூழ்ந்துகொண்டிருக்கிறது. நிபுணர்கள் சிலருக்குப் பெயர் தெரிந்திருப்பது மட்டும் போதாது என்பதைப் பீக்காம் காட்டுகிறது. பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்க ஊரில் ஆள் வேண்டும்.

உலகக் கணக்கும் இதையே சொல்கிறது. 2021இல் வெளியான உலக மரங்களின் நிலை அறிக்கை, சுமார் 58,500 மர இனங்களில் 17,500 அளவில் அழியும் ஆபத்தில் இருப்பதாகக் கூறியது. அவற்றுள் 440க்கும் மேற்பட்ட இனங்களில் காட்டில் எஞ்சியவை ஐம்பது மரங்களுக்கும் குறைவு. ஒரு வகுப்பறையையும் பாதி அடுத்த வகுப்பறையையும் நிரப்பும் எண்ணிக்கை.

சிங்கப்பூர் தன் காட்டை இழந்தது நேற்று முந்தாநாள் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காசுக்கட்டிச் செடியும் மிளகும் பயிரிட மலைச்சரிவுகளை மொட்டையடித்தார்கள். மண் களைத்ததும் அடுத்த சரிவுக்குப் போனார்கள். மூலக்காட்டில் 95 விழுக்காட்டுக்கும் மேல் போய்விட்டது. கடந்த இரு நூற்றாண்டுகளில் இத்தீவின் உயிரினங்களில் சுமார் 37 விழுக்காடு அற்றுப்போயிருக்கலாம் என்று 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. எஞ்சிய துண்டுகள் புக்கிட் தீமாவிலும் மத்திய நீர்ப்பிடிப்பு வட்டாரத்திலும் இருக்கின்றன. இவ்வளவு போனபின் மிஞ்சியிருப்பது அற்பம் என்று ஒருவர் நினைக்கலாம். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. கையில் நிறைய இருப்பவன் ஒன்றைத் தொலைத்தால் பரவாயில்லை.

நம்மிடம் தாய்மரங்கள் போதவில்லை என்றால் ஜோகூரிலிருந்து விதை கொண்டுவரலாமா? இதில் ஆய்வாளர்களிடையே இரு தரப்பு உண்டு. உள்ளூர் மரங்களின் மரபணு கலந்துவிடும் என்பது ஒரு தரப்பு. என் எண்ணம் மற்றத் தரப்போடு. சுமார் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டம் தாழ்ந்திருந்த பனியுகத்தில், சிங்கப்பூரும் ஜோகூரும் சுமத்ராவும் போர்னியோவும் ஒரே நிலம். அந்தக் காலத்தில் இந்த மரங்களுக்குக் கடவுச்சீட்டு தேவைப்படவில்லை. முதலில் இங்குள்ள எல்லாத் தாய்மரங்களின் பிள்ளைகளையும் வளர்ப்போம். அது போதாத இடத்தில் அண்டைவீட்டு உறவை அழைப்போம். தூய்மை பேசிக்கொண்டே இனத்தை இழப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இதில் மாணவர்களாகிய நமக்கு என்ன வேலை? மரத்தை அறிவதுதான் முதல் வேலை, அதுவே கடினமான வேலையும். முப்பது நாற்பது மீட்டர் உயரத்தில் இருக்கும் இலையையும் பூவையும் பார்ப்பது எப்படி? 1930களில் பூமலையின் துணை இயக்குநராக இருந்த இ.ஜே.எச். கார்னர் இதற்காகக் குரங்குகளைப் பழக்கினார். தேங்காய் பறிக்கும் பெரோக் இனக் குரங்குகள் உச்சிக்கு ஏறி, சொன்ன கிளையை ஒடித்துக் கீழே போடும். அவர் சாலையோர மரங்களைப் பற்றி எழுதிய இரு பாகப் புத்தகம் 1940இல் வந்தது. இன்றும் அதைப் புரட்டுபவர்கள் உண்டு. டிப்டெரோகார்ப் மரங்களுக்கான சைமிங்டனின் வனக் கையேடு 1943இல், ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அச்சானது. போருக்கு நடுவிலும் மரங்களை அடையாளம் காண ஒரு புத்தகம் வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

நமக்குக் குரங்கு வேண்டாம். கைத்தொலைபேசி போதும், கீழே குனிந்து பார்க்கும் பழக்கம் போதும். உயர மரத்தின் அடையாளம் பெரும்பாலும் தரையில்தான் கிடக்கும். உதிர்ந்த இலை, சிறகுள்ள காய், பட்டையில் வடிந்த பிசின். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலியில் ஏற்றினால் மரங்களை அறிந்தவர்கள் பார்த்துப் பெயர் சொல்வார்கள். இலையின் மேல்புறத்தை மட்டும் எடுக்காதீர்கள். அடிப்புறம், நரம்புகள் சேரும் மூலை, காம்பு, பட்டை எல்லாம் வேண்டும். அளவுக்குப் பக்கத்தில் இஸி-லிங்க் அட்டையை வையுங்கள். நான் இப்படித்தான் பழகினேன். முதல் மாதம் எல்லா மரமும் ஒன்றுபோலத் தெரியும். பிறகு, கூட்டத்தில் தெரிந்த முகம்போல ஒன்று தனித்துத் தெரியத் தொடங்கும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு கூடுதல் வேலையும் இருக்கிறது. நான் படித்த தமிழ் வகுப்புகளில் ஆல், அரசு, வேம்பு, தேக்கு எல்லாம் வந்தன. பள்ளி வேலிக்கு வெளியே நின்ற தெம்புசு வரவில்லை. இந்த மண்ணின் மரங்களைப் பற்றித் தமிழில் கதையோ கட்டுரையோ எழுத நினைத்தால் சொல்லுக்குத் திண்டாடுகிறோம். புதுச்சொல் உருவாக்கத் தேவையில்லை. ‘மெரந்தி’யும் ‘செங்கால்’ மரமும் மலாயிலிருந்து அப்படியே தமிழுக்குள் வந்து உட்காரட்டும், கம்போங்கும் கித்தாவும் வந்து உட்கார்ந்ததுபோல. கட்டுரைப் போட்டி, சிறுகதைப் போட்டி நடத்துபவர்கள் ஓர் ஆண்டு இந்தத் தலைப்பைக் கொடுத்துப் பார்க்கலாம்.

அடுத்த பெரும்பூப்பு எப்போது வரும் என்று யாராலும் தேதி குறிக்க முடியாது. ஒரு வறட்சி கழிந்த சில மாதங்களில், புக்கிட் தீமாவின் நடைபாதையிலோ மெக்ரிட்சியிலோ பூமலையிலோ சிறகுக் காய்கள் சுழன்று விழத் தொடங்கும். அன்றிலிருந்து விதைக்கு ஆயுள் ஏறத்தாழ இரண்டு வாரம். அதற்குள் எங்கே, எந்த மரத்தடியில், எவ்வளவு விழுந்திருக்கிறது என்ற செய்தி நாற்றங்கால் வரை போய்ச் சேர வேண்டும். காயைப் பார்த்தால் எடுத்துப் பையில் போடாதீர்கள். இயற்கை வனப்பகுதியிலிருந்து அனுமதியின்றி ஒரு விதையைக்கூட எடுக்கக்கூடாது. படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அன்றைக்கே தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தெரிவியுங்கள். ஒரு மரத்தடியோடு நிறுத்தாமல் அடுத்த மரத்தடியையும் பார்த்துவிட்டு வாருங்கள். அவர்களுக்கு வேண்டியது பல தாய்கள்.